கிப்பூர் நாளில் குராமின் வாய்

எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில், குண்டுவீச்சுக்கு ஒளியும் பதுங்கறைக் கதவைத் தள்ளினால், மல்யுத்த மெத்தையின் நடுவில் முதுகைக் காட்டி உட்கார்ந்து குராம் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

அதுவும் யூதர்களான எங்களுக்குப் பாவமன்னிப்பு நோன்பு நாளான கிப்பூர் அன்று. பகல் இரண்டு மணிக்கு. பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கக் கூடாத நாளில்.

ஜார்ஜியாவில் ஆறு முறை சாம்பியன். அந்த முதுகை யாரும் மெத்தையில் பதித்ததில்லை என்று, இஸ்ரேலுக்கு வந்தபின் அஷ்தோத் நகரம் முழுக்க அவரே சொல்லியாயிற்று. இந்தப் பதுங்கறையில் பயிற்சியாளரான பிறகு ஜெபக்கூடத்தில் முதல் வரிசை. போன கிப்பூரில் சூயிங்கம் மென்ற ஒருவனைக் காதைப் பிடித்து வெளியே விட்டவர்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? படியேறி லமாராவைக் கூட்டி வந்தேன். ஜெபக்கூடப் பாடகரின் மனைவி. அவள் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. அவள் பின்னால் இன்னும் நான்கு பேர்.

"ஐயோ, குராம் அண்ணே! வாயில என்ன அது?"

அவர் திரும்பினார். எழவில்லை. இன்னொரு துண்டைப் பிய்த்து, எல்லாரும் பார்க்க, நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு குனிந்தார்.

"பாத்தியாடா? ஊரே சாட்சி. பாவம் என் தலையில. இப்ப நீ தின்னு."

அப்போதுதான் அவர் மடியில் கிடந்த தலையைக் கண்டோம். தமாஸ், அவருடைய மாணவன். எழுபத்து நாலு கிலோப் பிரிவு. மறுநாள் காலை போட்டிக்கு எடை பார்க்கிறார்கள். நோன்புக்கு நோன்பு, எடைக்கு எடை என்று கணக்குப் போட்டிருக்கிறான். சர்க்கரைக்கு ஊசி மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, முழுப் பட்டினி. இங்கே வந்து எடை மிஷினில் ஏறியவன் அப்படியே சரிந்துவிட்டான்.

சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடத்தது.

"நோன்பு, மாஸ்டர்..." என்றவன், குராமின் வாயைப் பார்த்துவிட்டு மெதுவாக வாயைத் திறந்தான். மெல்லத்தான் தெம்பில்லை. ரொட்டி உதட்டோரம் உதிர்ந்தது.

ஒருத்தி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய ஓடினாள்.

"இனிப்பா ஏதாவது இருக்கா? சீக்கிரம்!" குராமின் குரல் உடைந்தது. ஆறு முறை சாம்பியனின் குரல்.

லமாரா படிக்கட்டைப் பார்த்தாள். வீடு நாலு மாடி மேலே. தமாஸின் கண் சொக்கியது.

நான் சட்டைக் கைக்குள் விரலை விட்டேன். காகிதத்தில் சுற்றிய எள் அல்வா. ஒரு மூலை கடிபட்டிருந்தது.

குராம் அதை வாங்கி, விரலால் நசுக்கி, அவன் நாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். கரைந்தது. இன்னும் கொஞ்சம். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அன்று எங்கள் தெருவில் ஓடிய ஒரே வண்டி. தமாஸ் கண்ணைத் திறந்து, "தோத்துட்டேனா?" என்றான்.

லமாராவின் பார்வை காகிதத்திலிருந்து என் முகத்துக்கு ஏறத் தொடங்கியது. குராம் அவளை முந்திக்கொண்டு என்னைப் பார்த்துவிட்டார்.

"நானுலி அக்கா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "உதட்டத் தொடைச்சுக்குங்க."