இடது கால்

போதகர் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து நெருங்கிக்கொண்டிருந்தார். கையில் தண்ணீர்ப் பாத்திரம், தோளில் துண்டு. மரக்கடைக்காரருக்கோ அவர் கத்தியோடு வருவதுபோல் இருந்தது.

ஆலயத்தின் முன்வரிசையில் சபை மூப்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டவர் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைவுகூர்ந்து, போதகர் மூப்பர்களின் கால்களைக் கழுவும் ஆராதனை அது. வரிசையின் கடைசி நாற்காலி மரக்கடைக்காரருடையது. தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்து நாற்காலி. காலியாக விட முடியுமா?

பஞ்சு திணித்த கறுப்புக் காலுறைக்குள், கட்டுப் போட்ட இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சர்க்கரை நோய் தின்றுவிட்டது. மரம் வாங்க வெளியூர் போவதாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

வெளியே தெரிந்தால் தலை நிமிர முடியாது. போன கூட்டத்தில்தான், "உங்கப்பன் கால் அழுகினது கடவுள் குடுத்த அடி. எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு அப்படி வந்திருக்கா?" என்று இவரே போதகரை எல்லார் முன்னாலும் கேட்டிருந்தார். அந்த அப்பாவின் புண்ணுக்குக் கடைசிவரை கட்டுப் போட்டது போதகரின் கை.

இன்று பதில் சொல்லப்போவது அந்தக் கைதான். காலுறையை உருவினால் சபையே பார்க்கும்.

"என்னண்ணே, ஃபேனுக்குக் கீழ உக்காந்து இப்படி வேர்க்குது?" பக்கத்திலிருந்த சித்தப்பா மகன் கிண்டலடித்தான். "காலு நாறுமோன்னு பயமா?"

"வாயை மூடுடா."

எழுந்து போய்விடலாமா? நடந்தால் நொண்டுவது தெரிந்துவிடும். வாசலில் கைகூப்பிய போதகரைப் பாராமல், இடது காலை இழுத்து இழுத்துப் படியேறியபோதே பாதி உயிர் போயிருந்தது.

பின்வரிசையில் ஒரு பெண் முணுமுணுத்தாள். "போன வருஷம் ரெண்டு காலையும் கழுவினாரு. இப்ப ஆளுக்கு ஒத்தக் கால்தான். அதுக்குள்ள சோம்பலைப் பாருங்க!"

ஒற்றைக் காலா? எந்தக் கால்? நிமிர்ந்து பார்க்க மரக்கடைக்காரருக்குத் துணிவில்லை.

பாத்திரம் தரையில் உரசும் சத்தம் எதிரே வந்து நின்றது.

"வலது காலைக் குடுங்கய்யா."

காலுறை கழன்றது. தண்ணீர் சில்லென்று ஓடியது. துண்டு விரல் விரலாகத் துடைத்தது.

"முடிஞ்சுதுங்கய்யா."

போன உயிர் திரும்பியது. கூடவே பழைய குரலும்.

"என்ன போதகரே, பாதி வேலையில எந்திரிக்கிறீங்க? வேலையை முழுசாச் செய்ய உங்கப்பன் கத்துக் குடுக்கலையோ?"

வரிசையே சிரித்தது. போதகரும் சிரித்தார். கழற்றிய காலுறையை மாட்டிவிடக் குனிந்தவர், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"இடது கால் கட்டு நனையக் கூடாதுங்களேய்யா."