இலைக்கு அடியில்

“இந்த வீட்டுக்குள்ளயே இருந்துகிட்டு யாரோ அவளைக் கொல்லப் பாக்குறாங்கம்மா” என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னபோது, செடிக்கடைக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் விரல் காட்டிய இடத்தில், ஜன்னலோரத் தொட்டியில் ஒரு வாழை நின்றது.

விபத்தில் போய்ச் சேர்ந்த மகள் வளர்த்த செடி. அவள் போனதிலிருந்து ஆபீசுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, இந்த வாழையே கதி என்று கிடந்தார் மனுஷன். அது தெரிந்ததால்தான் செடிக்கடைக்காரியும் கடையைத் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு, அவர் கூப்பிட்டபோதெல்லாம் ஓடி வந்தாள்.

இலையைத் திருப்பிப் பார்த்தாள். பவுடர் தூவினாற்போல் வெளிறிய புள்ளிகள். நரம்போரமாக மெல்லிய வலை. அதில் ஊசிமுனை அளவில் ஊர்ந்துகொண்டிருந்தன சிலந்திப்பேன்கள்.

போன மாதம்தான் இதே செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், இலை இலையாகத் தண்ணீர் பீய்ச்சி, சோப்புத் தண்ணீரால் அடிப்பக்கம் துடைத்திருந்தாள். முட்டை பொரிக்கப் பொரிக்க மறுபடியும் வந்து துடைத்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான், “தேறிடுச்சு சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“இதுக்கு றெக்கை கிடையாது சார். வீட்டுக்குள்ள வேற செடியும் இல்லை. தானா வர வழியே இல்லையே.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.” அவர் கண் சமையலறைப் பக்கம் போய் வந்தது.

நிலைப்படியில் அவர் மனைவி நின்றிருந்தாள். அந்த அம்மா செடியைப் பார்க்கவில்லை. வந்ததிலிருந்தே புருஷன் முகத்தை மட்டும், வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கவலைப்படாதீங்க சார். இன்னிக்கு ஒரேயடியா முடிச்சிடலாம்” என்றாள் செடிக்கடைக்காரி.

“அவ்வளவு என்ன அவசரம்?” அந்த அம்மாவின் குரலில் ஈரமே இல்லை.

“இது நல்லபடியா தேறிட்டாப் போதும்மா. அதோட என் கடமையும் முடிஞ்சிடும்” என்றார் அவர்.

இருவருமாகத் தொட்டியைத் தூக்கிப் போனார்கள். அவள் தண்ணீர் பீய்ச்ச, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றும்போது பிடிப்பதுபோல ஒவ்வொரு இலையையும் அவர் ஏந்திப் பிடித்தார். இலையைத் துடைத்த துணி பழுப்பேறிக்கொண்டே வந்தது. யாருக்கு இந்த மனுஷன்மேல் இத்தனை வஞ்சம் என்று யோசித்தபடியே துணியைப் பிழிந்தாள்.

அழுக்கு வாளியைக் கொட்டப் பின்கட்டுக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, பழைய சாக்கால் மூடி, ஏதோ ஒன்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சாக்கை விலக்கினாள்.

ஒரு ரோஜாச் செடி. கொம்பெல்லாம் வலை பின்னி, இலையெல்லாம் பேன் மொய்த்துக் கிடந்தது. ஆனால் அடிமண் ஈரமாக இருந்தது. சில இலைகளை யாரோ பதமாகக் கிள்ளி எடுத்திருந்தார்கள்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாளும் விழுந்தது.

“பார்த்துட்டியா?” என்றாள் அந்த அம்மா.

“நீங்கதானா?” செடிக்கடைக்காரி சாக்கைக் கீழே போட்டாள். “உங்க பொண்ணு வளர்த்த செடிம்மா அது. எப்படிம்மா மனசு வந்துச்சு?”

“நான் பெத்தவ. அது எனக்கு நீ சொல்லித்தான் தெரியணுமா?”

“வழி விடுங்க. நான் சார்கிட்ட சொல்லத்தான் போறேன்.”

அந்த அம்மா நகரவில்லை. கதவில் சாய்ந்தபடியே, கூடத்துக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“தேறிடுச்சுன்னு சொல்லிட்டுப் போனியே, அன்னிக்குச் சாயங்காலம் இவரைக் காணோம். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுகிட்டிருந்தார்.”

செடிக்கடைக்காரி வாளியைக் கீழே வைத்தாள்.

“கிட்டப் போகவும் பயம், கத்தவும் பயம். என்ன பேசுறதுன்னே தெரியலை. ‘வாழையில மறுபடியும் பூச்சி தெரியுதுங்க’ன்னேன். பொய்தான். திரும்பிப் பார்த்தார். ‘எந்த இலையில’ன்னு கேட்டுகிட்டே சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துட்டார்.”

கூடத்தில் அவர் தொட்டியை நகர்த்தும் சத்தம் கேட்டது. அந்த அம்மா ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு மூச்சு விட்டாள்.

“விடியறதுக்குள்ள பூச்சிக்கு எங்க போவேன்? எதிர் வீட்டு வாசல்ல பூச்சி புடிச்சுக் காஞ்சு கிடந்த இந்த ரோஜாவைத்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பேசிப் பேசி, டாக்டரைப் பார்க்க இப்பத்தான் அரை மனசா சரின்னிருக்கார். நாளைக்கு அவர் தம்பி வந்து கூட்டிட்டுப் போறான். அதுவரைக்குமாவது அந்தச் செடி தேறக் கூடாதும்மா.”

சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கி, ஒதுங்கி வழிவிட்டாள்.

செடிக்கடைக்காரி கூடத்துக்கு வந்தாள். வாழை ஜன்னலோரம் பளபளவென்று நின்றது. அவர் கையில் டார்ச்சோடு, கழுவித் துடைத்த இலையின் அடிப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுகூட கண்ணுல படலைம்மா. போயிடுச்சுதானே? இனிமே பயமில்லைதானே?” அவர் முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் அவளுக்கு மொட்டை மாடிச் சுவர்தான் கண்ணில் நின்றது.

அவர் கையிலிருந்த டார்ச்சை வாங்கினாள். இலையை மெல்லத் திருப்பினாள். சுத்தமான பச்சை; ஒரு புள்ளிகூட இல்லை. இதுவரை எந்தச் செடியைப் பற்றியும் அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

“முட்டை இன்னும் இருக்கு சார், நாளைக்கும் நீங்க இருக்கணும்.”