தாமரைக்கோழியின் கால் அட்டை

"தாமரைக்கோழி கால்ல 'காலாப்பட்டுக் கடற்கரை'ன்னு அட்டையா? கடல்ல ஏது தாமரை?" மியூசியம் அதிகாரி கார்குழலி, பாடம் பண்ணின பறவையை மேசையில் வைத்தாள். "தூசி தட்டும்போது மாத்திக் கட்டிட்டீங்க, கன்னியப்பன். உங்க வேலை போகப்போவுது."

"அட்டை மாறலம்மா. அதுல எழுதின ஊருதான் பொய்."

"நீங்க எழுத்துக் கத்துக்கிட்டு முழுசா ஒரு வருஷம் ஆவல. இந்தப் பறவைகளை அப்போ சேத்து வச்ச புரொபசர் எழுதினதைத் திருத்துறீங்களா?"

"ஊசுட்டேரியில கண்ணி வச்சுப் புடிச்சதும்மா. அங்க பறவை புடிக்கத் தடை இருந்திச்சு. கேசாயிடும்னு பயந்து, புடிச்சவன் புரொபசர்கிட்ட கடற்கரைன்னு சொல்லிட்டான்."

"யாரு அவன்? பேர் இல்லாம அட்டையை மாத்த முடியாது. பேர் தெரிஞ்சா போலீசுக்கும் சொல்லணும்."

அவள் எடுத்து வைத்த புது அட்டையில் 'பிடித்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. கன்னியப்பன் பேனாவை வாங்கி, எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினார்.