கயிற்றின் மறுமுனை

அன்று ரயில்வே யார்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: காலி பெட்ரோல் டேங்கர் வேகனுக்குள் விரிசல் பார்க்க இறங்கிய பூவலிங்கம், மேலே அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த அவன் மனைவியின் தம்பி துரைக்கண்ணு, தூரத்து நிழலில் தூங்கிய சூப்பர்வைசர். உள்ளே இருப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் வாயு தாக்கிவிட்டது என்று அர்த்தம், உடனே கயிற்றை இழுக்க வேண்டும். வருடக்கணக்காகப் பேசியதில் பூவலிங்கத்துக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டேஷன் பெயர்களைக்கூட வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டான். அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டு, கயிறு இறுகட்டும் என்று உட்கார்ந்திருந்தான். இறுகவே இல்லை. தானே ஏறி வந்தான். துரைக்கண்ணு கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"பேச்சு நின்னது காதுல விழலையாடா மாப்ள?"

"விழுந்துச்சு மாமா. இன்னிக்காச்சும் வாய மூடுனீங்களேன்னு நிம்மதியா இருந்தேன்."

அடுத்த வேகன் துரைக்கண்ணுவின் முறை. சிரித்தபடியே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை நீட்டினான். பூவலிங்கம் அதை வாங்காமல் ஓய்வறையைப் பார்த்து நடந்தான்.

"மாமா, விளையாட்டுக்குச் சொன்னேன் மாமா. நீங்க போயிட்டா யாரு பிடிக்கிறது? மாமா, எதாச்சும் பேசுங்க."

கயிறு தரையில் இழுபட, துரைக்கண்ணு பேச்சை நிறுத்தாமல் பின்னாலேயே வந்தான். பூவலிங்கம் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.