ஆகாத வாசனை

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஆசிட் பாட்டில் வரக் கூடாது. அந்த வாசனை எனக்கு ஆகல. தலை வலிக்குது."

மூன்று மாதத்துக்கு முன்னால் டீச்சர் இப்படிச் சொன்னபோது பளிச்சு தலையை மட்டும் ஆட்டினாள். 'ஆரம்பிச்சாச்சு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பளிச்சு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் தேய்த்துவிட்ட தரையைப் பார்த்துவிட்டுக் குடியிருப்பில் வைத்த பெயர். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. மற்ற வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு இப்போது டீச்சர் வீட்டில் மட்டும்தான் வேலை.

டீச்சர் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன வருஷம் கையுறை. மஞ்சள் ரப்பரில் மூன்று ஜோடி வாங்கி வந்தார். பளிச்சு ஒரே நாளில் கழற்றி அலமாரிக்கு மேல் வீசிவிட்டாள்.

"அழுக்கு எங்க இருக்குன்னு கைக்குத் தெரியணும் டீச்சர். இதைப் போட்டுக்கிட்டா கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு."

இந்த வருஷம், தரை தேய்க்க ஆசிட்டுக்குப் பதில் எண்ணெய். தண்ணீர், வினிகர், இருபது சொட்டு எலுமிச்சை எண்ணெய், பத்துச் சொட்டு டீ ட்ரீ எண்ணெய். எல்லாவற்றையும் அளந்து அளந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

"நல்லா குலுக்கிட்டு அடி. எண்ணெய் மேல மிதக்கும்."

"உப்பு, காரம் ஒண்ணும் வேணாமா டீச்சர்?"

"பேசாம தேய்."

இரண்டு வாரம் பளிச்சு நேர்மையாகத்தான் தேய்த்தாள். வீடு கமகமவென்று மணந்தது. ஆனால் கூடத்துத் தரை மங்கிப்போய், குளியலறை டைல்ஸுக்கு நடுவில் கறுப்புக் கோடு விழ ஆரம்பித்தது. மாடி வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தவள் சும்மா போகவில்லை.

"என்ன பளிச்சு, பேரை மாத்திடலாமா?"

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. பளிச்சுவுக்குத் தன் பேர் போனதைவிட அந்த முகத்தைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. பாவம், ஆசை ஆசையாக எண்ணெய் வாங்கின மனுஷி.

மறுநாள் அவள் பையில், மாற்றுத்துணிக்கு அடியில், ஆசிட் பாட்டில் இருந்தது.

டீச்சர் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் முக்கால் மணி நேரம் போதும். ஆசிட்டை விட்டுத் தேய்த்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கடைசியில் டீச்சரின் ஸ்பிரேயை நாலு மூலையிலும் அடித்துவிடுவாள்.

"பார்த்தியா, எண்ணெயே போதும்னு சொன்னேனே?"

"ஆமா டீச்சர். நானும் முதல்ல நம்பலதான்." சொல்லிவிட்டு, எரிகிற விரல்களை ஈரத் துணியில் சுற்றிக்கொள்வாள்.

டீச்சருக்கு அதோடு திருப்தி வரவில்லை. எலுமிச்சை போய் லாவெண்டர் வந்தது. லாவெண்டர் போய் ரோஸ்மேரி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை வேறு.

"ரெண்டு கையையும் நீட்டு. மணிக்கட்டுல ஒரு சொட்டு விடறேன், வாசனை எப்படின்னு சொல்லு."

நீட்டினால் லேசில் விடமாட்டார். ரேகை பார்ப்பவர் போல இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். பிறகு பெருமூச்சு.

"இதுவும் சரியா வரல."

"வாசனை நல்லாத்தானே இருக்கு டீச்சர்?"

"வாசனை நல்லாத்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டே பாட்டிலை மூடுவார். தரை இப்படி மின்னும்போது இன்னும் என்னதான் வேண்டுமாம் இவருக்கு என்று பளிச்சுவுக்குப் புரியவே இல்லை.

இன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதில் டீச்சர் பாதியிலேயே திரும்பிவிட்டார். கூடவே மாடி வீட்டு அக்காவின் குரல். பளிச்சு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஆசிட் பாட்டிலும் கையுமாக மூச்சுக் காட்டாமல் நின்றாள்.

"அடேயப்பா, தரையில முகம் பார்க்கலாம் போலிருக்கே. என்ன எண்ணெய்னு சொல்லுங்க டீச்சர், நானும் இன்னைக்கே வாங்கிடறேன்."

பளிச்சு கதவில் காதை வைத்தாள். மாடியில் வெறும் எண்ணெயைப் போட்டுத் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?

"வாங்காதீங்க. சுத்த வீண்" என்றார் டீச்சர்.

"என்ன இப்படிச் சொல்றீங்க? தரை எப்படி மின்னுது பாருங்க."

"தரைக்காகவா வாங்கினேன்?" டீச்சரின் குரல் தணிந்தது. "ஆசிட் பட்டுப் பட்டு அவ விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. கையுறையையும் போட மாட்டேன்னுட்டா. உன் கைக்காகத்தான்னு சொன்னா கேட்கிற ஆளா அவ? அதான், எனக்குத் தலைவலின்னு ஒரு பொய்யைச் சொன்னேன். மூணு மாசமா நானும் எண்ணெயை மாத்தி மாத்திப் பார்க்கறேன். தரைக்கு ஒரு குறையும் இல்ல. கைதான் ஆறவே மாட்டேங்குது."

உள்ளே பளிச்சு தன் விரல்களைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, கூடவே சிரிப்பும் வந்தது. பாட்டிலில் மீதி இருந்ததைச் சாக்கடைத் துளையில் ஊற்றி, இரண்டு வாளித் தண்ணீரையும் விட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"டீச்சர், அலமாரி மேல அந்தக் கையுறை கிடக்கும், எடுத்துக் குடுங்க. அக்கா, நீங்க சொன்ன மாதிரியே என் பேரை மாத்திடலாம்."