மொட்டைமாடியில் கொழும்புத் துறைமுகம்

"அப்பா, அந்தப் பிண்டத்தைக் கொஞ்சம் வலப்பக்கமா நகத்தி வைங்கோ. கப்பல் துறைமுகத்துக்கு வெளியில நிக்கறது!"

சாம்பசிவன் மகளை எரித்துவிடுவது போலப் பார்த்தார். பார்த்துவிட்டு, நகர்த்தியும் வைத்தார்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், சுப்ரியா சாக்பீஸால் ஒரு துறைமுகத்தையே வரைந்திருந்தாள். நடுவில் வாழை இலை. இலையில் எள் தூவிய சோற்றுருண்டைகள். ஒவ்வொரு உருண்டையும் ஒரு கப்பல் என்று கணக்கு.

1942-இல் ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதுதான் அவளுடைய அனிமேஷன் படிப்பின் கடைசிப் படம். புத்தகம், பழைய போட்டோ, வரைபடம் எல்லாவற்றையும் அலசியாயிற்று. ஆனால் விமானங்கள் பாய்கிற காட்சி மட்டும் அமையவே இல்லை. "இது குண்டு போட வர்ற பிளேன் மாதிரி இல்லையே குட்டி, லிஃப்டுல இறங்கி வர்ற மாதிரியில்ல இருக்கு" என்று அவளுடைய வாத்தியார் விபின் சார் திருப்பிவிட்டார்.

திங்கட்கிழமைக்குள் படம் சரியாகாவிட்டால் பெங்களூர் ஸ்டூடியோ வேலை கிடையாது. சரியானாலும் அப்பா விடவேண்டும். "இங்க கழக்கூட்டத்துல இல்லாத கம்பெனியா? பெங்களூர் பேச்சே இந்த ஆத்துல பறையப்படாது" என்று அவர் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"காக்கா பாயறதைப் படம் எடுத்து, அதைப் பாத்துப் பிளேனை வரையலாம்னு பிரெட் போட்டுப் பாத்தேன், முறுக்கு போட்டுப் பாத்தேன். காக்கா ஒண்ணொண்ணா நடந்து வந்து தின்னுட்டுப் போறது. பிண்டத்துக்குத்தான்ப்பா படையா வந்து பாயும்."

"சரி, சரி, சீக்கிரம் எடுத்து முடி. வெளியில தெரிஞ்சா நான் இந்தத் தெருவுல தலை காட்ட முடியாது" என்ற சாம்பசிவன், கையைத் தட்டி, "கா... கா..." என்றார்.

ஒன்றும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் இலையைச் சட்டை செய்யாமல் தலைக்கு மேலே பறந்து போயின. வெயில் ஏறியது. 'கா கா' என்று கத்தியே அவர் தொண்டை கட்டிப்போயிற்று.

"விஜயம், ஒரு வாய் மோர் கொடேன். சுகர் இறங்கறது."

"காக்கா தொடாம பச்சத் தண்ணி கிடையாது. இலை போட்டா போட்டதுதான்" என்றாள் மனைவி விஜயம், மாடிப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "சும்மா கா கான்னா வந்துடுமா? நாலு ஆத்துல பாத்ததில்லையா நீங்க? மனக்குறையைத் தீத்து வைக்கறேன்னு சொன்னாத்தான் வரும். உங்கப்பாவுக்கு என்னென்ன குறைன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"அதெல்லாம் எதுக்குடி இப்போ?"

"சொல்லுங்கோப்பா, மனசாரச் சொல்லுங்கோ" என்றாள் சுப்ரியா, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பசி வந்த மனுஷனிடம் என்ன வீம்பு நிற்கும்? சாம்பசிவன் கையைக் கூப்பினார். "அப்பா! ரெண்டாவது காபி கேட்டபோதெல்லாம் சள்ளுன்னு விழுந்தேன். தப்புதான். வாங்கோ!"

ஒரு காக்கை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது.

"போறாது" என்றாள் விஜயம்.

"குற்றாலத்துக்குக் கூட்டிண்டு போறேன்னு வருஷா வருஷம் ஏமாத்தினேன். உங்க ஈஸிசேரைப் பரண்ல தூக்கிப் போட்டேன். எல்லாம் தப்பு!"

இன்னும் இரண்டு வந்தன. கழுத்தைச் சாய்த்து அவரை ஏற இறங்கப் பார்த்தன. இறங்குவதாக இல்லை.

"அவருக்குப் பேத்தின்னா உசிர். அந்த விஷயத்தைச் சொல்லுங்கோ, நான் மோரைக் கலக்கறேன்."

சாம்பசிவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாயால் சொல்வதுதானே, சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது?

"அப்பா! சுப்ரியாவைப் பெங்களூருக்கு அனுப்பறேன்! நானே கொண்டுபோய் விடறேன், சத்தியம்! வாங்கோப்பா, பசி தாங்கலை!"

அவ்வளவுதான், மாடி இருண்டது. காக்கைகள் கூட்டமாய் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, இறக்கையை மடக்கிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தன. ஒரு கப்பல் அப்படியே காணாமல் போயிற்று. இன்னொன்று இரண்டாகப் பிளந்தது. துறைமுகம் முழுக்க எள்ளும் சோறும் சிதறின. ஒரு காக்கை சாம்பசிவனின் வழுக்கையில் இறங்கி, மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டுப் பறந்தது.

"அடிபொளி! அப்பா, அசையாதேங்கோ! நீங்கதான் கலங்கரை விளக்கம்!"

காக்கைகள் போனபின் சுப்ரியா கேமராவில் அதை ஓட்டிப் பார்த்தாள். ஐயோ, விபின் சார் சொன்ன பாய்ச்சல் இதுதான்! அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

சாம்பசிவன் இரண்டு டம்ளர் மோரை மடக்மடக்கென்று குடித்தார். குடித்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. "படம் கிடைச்சாச்சோல்லியோ? சந்தோஷம். பெங்களூர்னு சொன்னதெல்லாம் காக்காய்க்குச் சொன்னது. யாரும் அதை மனசுல வச்சுக்க வேண்டாம், கேட்டேளா?"

"கேக்க வேண்டியவா கேட்டாச்சு" என்றாள் விஜயம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு கேட்டது. காலியான வடைத் தூக்கோடு, எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மெல்ல வெளியே வந்தார் சாம்பசிவனின் அப்பா.

"பேத்தி படத்துக்காக, உசிரோட இருக்கறச்சயே எனக்குப் பிண்டம் போடறதுக்குச் சம்மதிச்சேன், அது சாரமில்லை, போகட்டும்" என்றார் கிழவர். "ஆனா நீ பெங்களூர்னு வாயைத் திறக்கற வரைக்கும், அத்தனை காக்காயையும் வடை போட்டே அந்தப் பக்கம் பிடிச்சு வச்சிருந்தேனே, அந்தப் பாடு எனக்குத்தான்டா தெரியும்!"