பதினேழாவது கட்டம்

"யாருடா இதை அறுத்தது?"

புகழேந்தி சார் இரண்டாவது முறையாகக் கேட்டார். முப்பத்திரண்டு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லேப் சுவரில் தனிம வரிசை அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுதான் மாட்டினார். கடையில் விற்கிற சார்ட்டில் எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக இருக்கிறது, கடைசி பெஞ்சிலிருந்தும் தெரியவேண்டும் என்று, வில்லியனூர் ஃப்ளெக்ஸ் கடையில் அரை நாள் கூடவே உட்கார்ந்து, நூற்றுப் பதினெட்டு கட்டத்திலும் தமிழில் பெயர் போடவைத்துக் கொண்டுவந்தது.

இன்று காலை எட்டே முக்காலுக்கு வந்து பார்த்தால், வலது ஓரமாக ஒரு கட்டத்தை மட்டும் காணோம். பிளேடால் சதுரமாக அறுத்து எடுத்திருந்தார்கள். ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது.

டவுன் பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. 'அந்த ஊர்ப் பசங்களுக்கு நல்லது எதுவும் செஞ்சிடாதீங்க சார்' என்று பழைய பள்ளியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இவர்தான் கேட்கவில்லை.

ஏஞ்சல் மேரி எழுந்தாள். வகுப்பு லீடர்.

"சார், அந்தக் கட்டம் இல்லன்னாலும் பரவால்ல சார். எங்களுக்கு மனப்பாடமா தெரியும்."

"அப்படியா? சொல்லு. கந்தகத்துக்கும் ஆர்கானுக்கும் நடுவுல இருக்கறது எது?"

அவள் கண் வாசல் பக்கம் போயிற்று. வெளியே வராந்தாவில் துடைப்பச் சத்தம் கேட்டது. லேபைக் கூட்ட, பாட்டில் கழுவ என்று தினக்கூலிக்குச் சேர்ந்திருக்கும் ஆரோக்கியம். அந்தம்மாவுக்கு இன்றுதான் முதல் நாள்.

"தெரியல சார்" என்றாள் ஏஞ்சல் மேரி.

"இப்பதானே மனப்பாடம்னே?"

"மறந்துட்டேன் சார்."

"லூர்து பிரகாஷ், நீ சொல்லு. ஃப்ளூரினுக்குக் கீழ, புரோமினுக்கு மேல. மேலேருந்து கீழே வரவர வீரியம் குறையும்னு நேத்து முழு பீரியடும் கத்தினேனே. எது அது?"

"தெரியல சார்."

"நீ?"

"தெரியல சார்."

ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டார். எல்லா பெஞ்சிலிருந்தும் அதே பதில். நேற்று இதே பிள்ளைகள் பதினேழாவது தொகுதியை வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள்.

வேண்டுமென்றே சேர்ந்துகொண்டு செய்கிறார்கள். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"எல்லாரும் கிரவுண்டுல போய் நில்லுங்க. அறுத்தவன் பேரு வர்ற வரைக்கும் நிழலுக்கு வரக்கூடாது. பிராக்டிகல் மார்க் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கங்க."

வரிசையாகப் போய் நின்றார்கள். பதினோரு மணி வெயில். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்ற பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கி நின்று நிழல் கொடுத்தார்கள். அப்போதும் பேர் வரவில்லை.

அவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார்..."

திரும்பினார். ஆரோக்கியம் துடைப்பத்தைக் கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு சிலுவை. வேறு நகை இல்லை.

"புள்ளைங்கள வுட்டுடுங்க சார். நான்தான் கிழிச்சேன்."

"நீங்களா?"

"தொடைக்கும்போது கிழிஞ்சிபோச்சி சார்."

"ஏம்மா, நீங்க வேலைக்கு வந்ததே ஒம்போது மணிக்கு. நான் எட்டே முக்காலுக்கே பாத்துட்டேன். தொடைச்சா இப்படி சதுரமாவா கிழியும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத நாளே வேலை போயிடும், தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"போனா போவுது சார். இந்தப் புள்ளைங்க மார்க்குல கைய வெச்சிடாதீங்க. நான் துக்கத்துல வுயுந்து கெடந்தப்ப மொற வெச்சிகினு கஞ்சி எடுத்தாந்து குடுத்ததுங்க. அதுங்க கெட்ட புள்ளைங்க இல்ல சார். சும்மா வெளாட்டுக்குப் பண்ணி இருக்கும்."

"வெளாட்டா? நூத்திப் பதினெட்டு கட்டத்துல கரெக்டா ஒண்ண மட்டும் அறுத்திருக்காங்க. கேட்டா முப்பத்திரண்டு பேருக்கும் அந்தப் பேரே தெரியாதாம்! இதைத் திமிருன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது?"

ஆரோக்கியம் சுவர்ப் பக்கம் போனாள். ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பிடி இன்னா சார் எழுதி இருந்துச்சி இதுல?"

"குளோரின்" என்றார் புகழேந்தி சார், எரிச்சலாக.

ஆரோக்கியத்தின் கை அப்படியே நின்றது. சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

அவர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வாங்கியவள் குடிக்கவில்லை. ஜன்னல் வழியாக வெயிலில் நிற்கிற பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த சிலிண்டரு லீக்காயிதான் சார் என் வூட்டுக்காரரு கம்பெனியில செத்தாரு. ஆறு மாசமா எங்க ஊருல ஒருத்தரும் என் எதிர்ல அந்தப் பேர எடுக்கறதில்ல."